மூன்று வரிசையிலும் இருந்த நாலு கல்: எட்டாம் வகுப்பில் பங்கீட்டுப் பண்பு கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். அங்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு எடுப்பவள் நான் ஒருத்திதான். அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் 31 பிள்ளைகள். அப்பாமார்களில் பலருக்குக் கொத்து வேலை, தச்சு வேலை, ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்) பட்டறை. அம்மாமார்களில் பலர் பலகாரக் கடைகளுக்கு முறுக்குச் சுற்றியும் சீப்புச்சீடை உருட்டியும் கொடுப்பவர்கள். பிள்ளைகளின் பெயரோ பள்ளியின் பெயரோ இதில் வராது.

பாடம், இயற்கணிதக் கோவைகளை விரித்து எழுதுவது. அதற்கு அடிப்படையான பங்கீட்டுப் பண்பு இவர்களுக்குப் புதிதல்ல. முழு எண்களில் ஒரு முறை, குறை எண்களும் சேர்ந்த முழுக்களில் ஒரு முறை என்று முன் வகுப்புகளிலேயே படித்துவிட்டு வந்தவர்கள். 5 × (3 + 4) = 5 × 3 + 5 × 4 என்பதைக் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். கரும்பலகையில் எக்ஸ் என்று எழுதியதை இந்தக் கட்டுரையில் ‘க’ என்று எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஆறு பாடவேளை நடத்தினேன். நான் சொல்லிக்கொடுத்தது பலரும் சொல்லிக்கொடுக்கும் முறைதான்: அடைப்புக்கு வெளியே இருக்கும் எண்ணிலிருந்து உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் வளைவாக அம்புக்குறி போடு, அம்பு போன இடத்தில் பெருக்கு. ‘வெளியே இருக்கறத உள்ள அனுப்பு’ என்பது என் வாயில் ஓயாமல் வந்த வாக்கியம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். சேர்ந்து சொல்லும்போது தவறே கேட்கவில்லை.

தாளில் கண்டது

ஏழாவது பாடவேளையில் நான்கு கணக்குகள் கொண்ட சிறு தேர்வு வைத்தேன். அன்று வந்திருந்தவர்கள் 29 பேர்.

முதல் கணக்கு 3(க + 4). 14 பேர் 3க + 12 என்று சரியாக எழுதினார்கள். 13 பேர் 3க + 4 என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் 12க. இரண்டாவது க(க + 6). இதில் 12 பேர் க² + 6. மூன்றாவது 4 + 3(க + 2). இதில் 16 பேர் முதலில் 4-ஐயும் 3-ஐயும் கூட்டி 7(க + 2) ஆக்கிவிட்டார்கள். நான்காவது −2(க − 5). −2க + 10 என்று சரியாக எழுதியவர்கள் நான்கே பேர். 18 பேரின் விடை −2க − 10.

கவனக்குறைவு என்றால் ஆளுக்கொரு விதமாகத் தவறியிருப்பார்கள். பதின்மூன்று பேர் தனித்தனியே உட்கார்ந்து எழுத்து மாறாமல் ஒரே தவறைச் செய்தால் அவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று ஒரே மாதிரி புரிந்திருக்கிறது என்று பொருள். அது என்ன என்று தெரியாமல் மறுபடி நடத்துவதில் பயனில்லை என்று தோன்றியது. அதனால் தாள்களைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ‘வாயால சொல்லிக்கிட்டே போடுப்பா’ என்று மட்டும் கேட்டேன்.

ஒரு பையன் சொன்னது இது:

“பிராக்கெட்டைத்தான் டீச்சர் முதல்ல முடிக்கணும். போட்மாஸ். உள்ள க-வும் நாலும் இருக்கு, கூட்ட முடியல. அதான் பிராக்கெட்டை எடுத்துட்டேன்.”

“அம்பு போடலையா?”

“போட்டேன் டீச்சர். பக்கத்துல இருக்கறதுக்குப் போட்டேன்.”

அந்தப் பதிலை அன்று மாலையே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். போட்மாஸ் என்பது எந்தச் செயலை முதலில் செய்வது என்ற வரிசையின் ஆங்கிலச் சுருக்கம்; அதில் அடைப்புக்குறிதான் முதல். அடைப்புக்குறி என்றால் ‘இதை முதலில் செய்’ என்ற கட்டளை என்று ஆறாம் வகுப்பில் அவனுக்கு ஊட்டியவள் நான்தான். எண்கள் மட்டும் இருந்தவரை அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய முடிந்தது. க போன்ற எழுத்து (மாறி) உள்ளே வந்ததும் முடியவில்லை. முடியாத கட்டளையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அடைப்பைக் கழற்றிவிட்டான். அடைப்பு என்பது ஒரு பொட்டலம், வெளியே இருக்கும் எண் அந்தப் பொட்டலம் எத்தனை என்று சொல்கிறது என்பதை அவனுக்கு யாருமே சொல்லவில்லை. என் அம்புக்குறியும் சொல்லவில்லை.

இன்னொரு பெண்ணிடம், க-வுக்கு 2 வைத்து இரண்டு பக்கமும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 3 × (2 + 4) = 18 என்று சரியாகப் போட்டாள். தன் விடையான 3க + 4-இல் வைத்து 10 என்றும் சரியாகப் போட்டாள். 18-உம் 10-உம் வேறாக இருப்பது அவளை உறுத்தவே இல்லை. “அது நம்பர் கணக்கு, இது எழுத்துக் கணக்கு டீச்சர்” என்றாள். நடுவில் இருக்கும் சமக்குறி, க எந்த எண்ணாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றே என்று சொல்வதாக அவள் படித்திருக்கவில்லை. ‘இதன் விடை இது’ என்று மட்டுமே படித்திருந்தாள்.

முதல் முடிவு: பாடத்தை நிறுத்துவது

காலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தது. தலைமையாசிரியரிடம் போய், ஐந்து பாடவேளைக்குப் புதுப் பாடம் எடுக்கப்போவதில்லை என்றேன். “போர்ஷன் முடியணுமேம்மா” என்று தயங்கினார். நியாயமான தயக்கம்தான். அடுத்து வரும் முற்றொருமைகள், காரணிப்படுத்தல், ஒருபடிச் சமன்பாடு மூன்றுமே இந்த ஒரு பண்பின் மேல் நிற்பவை, இதை விட்டுவிட்டுப் போனால் மூன்றையும் மனப்பாடமாகத்தான் நடத்த வேண்டியிருக்கும் என்று சொல்லித் தாள்களைக் காட்டினேன். ஒப்புக்கொண்டார். வடிவியலிலிருந்து இரண்டு பாடவேளையைச் சுருக்கினேன்.

பலகாரப் பெட்டி: சறுக்கிய முயற்சி

முதல் நாள் நான் எடுத்தது பலகாரப் பெட்டி. ஒரு பெட்டியில் முறுக்கும் இருக்கிறது, 4 சீப்புச்சீடையும் இருக்கிறது. மூன்று பெட்டி வாங்கினால் என்னென்ன கிடைக்கும்? பிள்ளைகளுக்குப் பழகிய பொருள். உடனே பிடித்துக்கொள்வார்கள் என்று நம்பி, பலகையில் 3(மு + 4சீ) என்று எழுதினேன். முறுக்குக்கு மு, சீடைக்கு சீ.

3மு + 12சீ என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். எனக்கும் மகிழ்ச்சி. ஐந்து நிமிடம் கழித்து முன்வரிசையில் ஒருவன் அதை 15முசீ ஆக்கியிருந்தான். “மொத்தம் பதினைஞ்சு பலகாரம் டீச்சர்.” அவன் வழியில் அது முழுக்கச் சரி. மு என்பது அவனுக்கு முறுக்கு. நான் நினைத்ததோ ஓர் எண். எழுத்தை எண்ணாகப் பார்க்க வேண்டிய இடத்தில், பொருளின் பெயரைச் சுருக்கி எழுதும் பழக்கத்தை நானே ஏற்படுத்திக் கொடுத்துவிட்டேன். மு-வுக்கு 5 வை என்றபோது பாதிப் பேருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முறுக்குக்கு எப்படி 5 வைப்பது?

மறுநாள் அதைத் திருத்த ‘மு என்பது ஒரு முறுக்கின் விலை’ என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். சிலருக்குச் சரியானது. ஆனால் முதல் நாள் பதிந்தது எளிதில் போகவில்லை. இந்த உவமையை நான் விட்டுவிட்டேன்.

ஆத்தங்குடிக் கல்: தாழ்வாரத்தில் இரண்டு பாடவேளை

வகுப்பில் ஒரு பையனின் அப்பா கல் பட்டறையில் வேலை பார்ப்பவர். ஓரம் உடைந்து ஒதுக்கிய எட்டு அங்குலக் கற்கள் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் அவரே வண்டியில் 27 கற்கள் கொண்டுவந்து இறக்கினார். 15 பூக்கல், 12 பச்சைக் கல்.

தாழ்வாரத்தில் மூன்று வரிசையாக அடுக்கினோம். ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கம் பூக்கல், வலப்பக்கம் 4 பச்சைக் கல். பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்பே பூக்கல் பகுதியைச் சாக்கால் மூடிவிட்டேன். “சாக்குக்கு அடியில ஒரு வரிசைக்கு எத்தனை கல்லுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மூணு வரிசையிலயும் ஒரே எண்ணிக்கை. அந்த எண்ணுக்குப் பேர் க. மொத்தம் எத்தனை கல்?”

சற்று நேரம் பேச்சில்லை. முதலில் வந்த பதில், “மூணு க, அப்புறம் நாலு.”

நான் எதுவும் சொல்லவில்லை. தாளில் 3க + 4 எழுதிய பதின்மூன்று பேரில் ஒருத்திதான் எழுந்து போய்ப் பச்சைக் கற்களை விரலால் தொட்டு எண்ணினாள்.

“நாலு இல்ல டீச்சர். நாலு மூணு வரிசையிலயும் இருக்கு.”

ஆறு பாடவேளை அம்புக்குறி செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. இது கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருப்பதால் மட்டும் நடந்ததல்ல. பலகாரமும் கண்ணுக்குத் தெரியும் பொருள்தான். இங்கே க என்பது கல் இல்லை, கல்லின் எண்ணிக்கை. மூடி வைத்திருப்பதால் அது தெரியாத எண்ணாகவே இருக்கிறது. 3 என்பது வரிசை. அடைப்புக்குள் இருப்பது ஒரு முழு வரிசை. முதலில் முடிக்க வேண்டிய வேலை எதுவும் அடைப்புக்குள் இல்லை.

அன்றிலிருந்து ‘உள்ள அனுப்பு’ என்பதை நிறுத்தினேன். பதிலுக்கு இரண்டே கேள்வி: எத்தனை வரிசை? ஒரு வரிசையில் என்னென்ன? 4 + 3(க + 2)-க்கு நான்கு கல்லைத் தனியே தூணோரம் வைத்தோம். அந்த நான்கும் வரிசை இல்லை என்பதால் 7 வரிசை என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் கல் கொண்டுவந்த அப்பாவையே வகுப்பில் பேசச் சொன்னேன். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்துச் சாயத்தை ஊற்றுவது, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவது, தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு கண்ணாடியைப் பிரிப்பது என்று வேலையைச் சொல்லிவிட்டு, கணக்குக்கு வந்தார். ஓர் அறைக்கு 14 வரிசை; வரிசைக்கு 11 நடுக்கல், இரண்டு பக்கச் சுவரோரமும் ஒவ்வொரு பார்டர் கல். “மொத்தம் 182ன்னு சொன்னா பட்டறைக்கு ஒண்ணும் விளங்காது. எந்த டிசைன் எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் அச்சை எடுக்க முடியும். 154 நடுக்கல், 28 பார்டர்.”

14(11 + 2) = 154 + 28. விரித்து எழுதுவது எதற்கு என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டிருந்தால் என்னிடம் பாடநூல் பதில்தான் இருந்திருக்கும். அடைப்போடு இருக்கும் வடிவம் அறையைக் காட்டுகிறது, விரித்த வடிவம் பட்டறைக்கு வேண்டியதைச் சொல்கிறது, இரண்டும் ஒரே எண்ணிக்கை. இதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது

நான்காவது பாடவேளையில் 24 × 13 போடச் சொன்னேன். எல்லோரும் 72 எழுதி, அடுத்த வரியில் ஒன்றாம் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு 24 எழுதி, 312 என்றார்கள். அந்தக் குறி எதற்கு? “அப்படித்தான் போடணும் டீச்சர்.” 24 × 3, பிறகு 24 × 10; அந்தக் குறி நிற்கும் இடம் பத்தால் பெருக்கியதன் சுவடு என்று பிரித்துக் காட்டினேன். மூன்றாம் வகுப்பிலிருந்தே பங்கீட்டுப் பண்பைக் கையாண்டுவருகிறோம் என்று தெரிந்ததும் சிலர் முகத்தில் வந்த வியப்பு உண்மையானது.

கணித அறிஞர் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில் 135-ஐ 12-ஆல் பெருக்கும் கணக்கையும் எடுத்தேன். 12-ஐ 8, 4 என்று பிரித்தால் 1080 + 540 = 1620. 12-ஐ 20-இலிருந்து 8 குறைத்ததாக வைத்தால் 2700 − 1080 = 1620. இரண்டாவது வழியைத்தான் நான் குறிவைத்தேன், ஏனென்றால் கல்லால் முழுக்கக் காட்ட முடியாதது கழித்தல்.

குறை எண் வந்தபோது

குறைத்த எண்ணிக்கையைக் கல்லால் ஓரளவு காட்டலாம். ‘குறை இரண்டு வரிசை’யைக் காட்ட முடியாது. காட்ட முடியும் என்று பாசாங்கு செய்தால் பிள்ளைகள் கல்லையே நம்ப மாட்டார்கள். அதனால், “இதுக்குக் கல் போதாது, வேற எடுப்போம்” என்று வெளிப்படையாகச் சொன்னேன்.

7 × 98 எத்தனை என்று கேட்டதும் பலகாரக் கடைக்குச் சரக்குக் கொண்டுபோகும் ஒரு பெண் தாள் தொடாமல் 686 என்றாள். “நூறா வச்சு எழுநூறு. ஏழிரண்டு பதினாலைக் கழிச்சுட்டேன்.” இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சிக்கல் கழிப்பதைக் கழிக்கும்போதுதான்.

கடைக் கணக்கு போட்டோம். கையில் 100 ரூபாய். 30 ரூபாய்ப் பொருள், 5 ரூபாய் தள்ளுபடி. 100 − (30 − 5). முதலில் 30-ஐ முழுசாகக் கொடுத்துவிட்டேன், 70 இருக்கிறது. அதிகம் கொடுத்த 5 திரும்பி வருகிறது, 75. அதே பொருள் இரண்டு வாங்கினால் 100 − 2(30 − 5). 60 கொடுத்தேன், 10 திரும்பி வந்தது, கையில் 50. ‘திரும்பி வருது’ என்ற சொல்லை அவர்களே பிடித்துக்கொண்டார்கள். −2(க − 5)-இல் +10 எங்கிருந்து வந்தது என்றால் “திரும்பி வந்தது” என்பார்கள்.

வைத்துப் பார்ப்பது

ஐந்தாவது பாடவேளை முழுவதும் ஒரே பழக்கத்துக்கு: விரித்து முடித்ததும் க-வுக்கு ஓர் எண் வைத்து இரண்டு பக்கமும் பார். நம்பர் கணக்கு வேறு, எழுத்துக் கணக்கு வேறு என்று சொன்ன பெண்ணுக்காகவே இதை எடுத்தேன்.

இங்கே நான் எதிர்பாராத ஒன்று வந்தது. ஒரு பையன் க(க + 6) = க² + 6 என்று எழுதி, க-வுக்கு 1 வைத்து, இரண்டு பக்கமும் 7 வருகிறது, அதனால் சரி என்று கொண்டுவந்தான். அவன் பார்த்தது சரி. தேர்ந்தெடுத்த எண்தான் தவறை மறைத்துவிட்டது. எந்த எண்ணை 1-ஆல் பெருக்கினாலும் அதே எண் வருவதால் 6-உம் 6க-வும் ஒன்றாகிவிடுகின்றன. வகுப்பு முழுவதும் 10 வைத்துப் பார்த்தோம்: இடப்பக்கம் 160, வலப்பக்கம் 106. அதன்பின் ‘0, 1 வேண்டாம்’ என்று சுவரில் எழுதி ஒட்டினோம். வேறுபட்டால் நிச்சயம் தவறு, ஒத்துப்போனால் இன்னும் ஓர் எண் வைத்துப் பார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு நடந்தது

இரண்டு வாரம் கழித்து அதே வகைக் கணக்குகளில் மறுதேர்வு. 28 பேர் எழுதினார்கள். 3(க + 4) வகையில் தவறியவர்கள் இரண்டே பேர். க(க + 6) வகையில் ஐந்து பேர். 4 + 3(க + 2) வகையில் இன்னும் ஒன்பது பேர் 4-ஐயும் 3-ஐயும் கூட்டினார்கள். தாழ்வாரத்தில் சரியாகச் சொன்னவர்களில் சிலரும் இதில் இருந்தார்கள். −2(க − 5) வகையில் 17 பேர் சரி. நான்கிலிருந்து 17 என்பது நல்ல ஏற்றம்தான், ஆனால் 11 பேருக்கு இன்னும் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவர்களில் ஒருவன் இந்த ஐந்து நாளில் மூன்று நாள் பள்ளிக்கு வராதவன். அவனுக்குத் தனியே எதுவும் நான் செய்யவில்லை.

புதிதாக ஒரு தவறும் முளைத்தது. 2(கச), அதாவது 2 × (க × ச), என்பதை நான்கு பேர் 2க × 2ச என்று எழுதினார்கள். பங்கிடப் பழகிய கை எல்லாவற்றையும் பங்கிட்டது. 2 × (3 × 5) = 30, 6 × 10 = 60 என்று வைத்துப் பார்க்கச் செய்து, ‘அடைப்புக்குள் கூட்டலோ கழித்தலோ இருக்கிறதா’ என்று முதலில் பார்க்கச் சொன்னேன். சரியானது. ஆனால் இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அரையாண்டுக்கு முன் ஒருபடிச் சமன்பாடு வந்தபோது 3(க + 4) = 27-இல் ஐந்து பேரிடம் பழைய 3க + 4 திரும்ப வந்தது. புது வகைக் கணக்கைக் கண்டதும் பழைய பழக்கம் தலைகாட்டுகிறது. அதே கணக்கில் ஒரு பையன் விரிக்கவே இல்லை. க = 5 என்று மட்டும் எழுதியிருந்தான். படிகள் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவை எடுத்துவிட்டு, கூப்பிட்டுக் கேட்டேன்.

“மூணு வரிசைக்கு 27ன்னா வரிசைக்கு ஒம்பது டீச்சர். பச்சைக் கல் நாலு போக அஞ்சு.”

முழு மதிப்பெண் போட்டேன். மதியம் தனியாக உட்கார்ந்து, ‘கூட்ட முடியல. அதான் பிராக்கெட்டை எடுத்துட்டேன்’ என்று சொன்ன அதே பையன்தான் அவன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மாற்றம் எட்டில் தொடங்கினால் போதாது, ஆறில் தொடங்க வேண்டும். அடைப்புக்குறியை ‘முதலில் செய்’ என்று அறிமுகப்படுத்துவதற்கு முன் ‘இது ஒரு கட்டு, ஒன்றாகவே எண்ணு’ என்று காட்டப்போகிறேன். 5 × (3 + 4)-ஐ இரண்டு வழியிலும் போடவைத்து, இரண்டும் ஒன்றாக வருவது ஏன் என்று கல் வைத்துப் பார்த்த பிறகே செயல் வரிசை.

பலகாரப் பெட்டி இனி இல்லை. பொருளின் முதலெழுத்தை மாறியாக வைப்பதும் இல்லை. 2(கச)-வைத் தவறு முளைத்த பிறகு அல்ல, விரித்தல் பழகும் வாரத்திலேயே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். அம்புக்குறியை முழுக்க விலக்கவில்லை; ‘ஒரு வரிசையில் என்னென்ன’ என்பதை வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளை வேகத்துக்காக அதை வைத்துக்கொள்ளலாம். குறை எண்ணுக்கு ஒரு பாடவேளை போதவில்லை. இரண்டாவது வேண்டும், அதை எங்கிருந்து எடுப்பது என்று ஜூனிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிட வேண்டும். வராத பிள்ளையின் பெயரை அன்றன்றே குறித்து, மதிய வேளையில் அவனைத் தாழ்வாரத்துக்கு அழைக்க வேண்டும்.

கற்கள் 27-உம் பள்ளியில்தான் இருக்கின்றன. சாக்கை மடித்து அவற்றின்மேல் வைத்திருக்கிறேன். இந்த ஜூனில் அவை முதலில் ஆறாம் வகுப்புக்குப் போகும்.